ஏலகிரி மலைச்சாலை அறுந்தால் எதைக் கேட்பது?

ஏலகிரிக்குப் பேருந்து ஏறுவது பொன்னேரியிலிருந்து போகும் ஒரே சாலையில்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் காடு, மேலே பதினான்கு கிராமங்கள். ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வாத்தியார், பிரசவ வலி எடுத்த பெண், சனி ஞாயிறானால் பெங்களூர் கார்கள், எல்லாம் அந்த ஒரு தார்ச்சாலை வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாறை உருண்டு அரைநாள், ஒருநாள் வண்டி நிற்பது நமக்குப் பழகிப்போனது. ஆனால் சாலையே முப்பது மீட்டருக்கு அறுத்துக்கொண்டு பள்ளத்தில் போனால் என்ன செய்வது? இதை இன்றைக்கே யோசித்து வைப்பது நல்லது. சரிந்த மறுநாள் யாருக்கும் யோசிக்கப் பொறுமை இருக்காது. உடனே சரிசெய் என்று மறியல் நடக்கும், உடனே செய்கிறோம் என்று வாக்குக் கொடுப்பார்கள், அப்புறம் எஸ்டிமேட்டில் யார் எதை எழுதினார்களோ அதுதான் முப்பது வருஷத்துக்கு நம் தலையெழுத்து.

இது வீண் பயம் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய கையோடு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊத்தங்கரை என்ன தூரதேசமா? திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். அதே மழையில்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காட்டு மலைப்பாதையும் சரிந்தது. அந்த மேகம் கொஞ்சம் வடக்கே தள்ளி நின்றிருந்தால் ஏலகிரியும் ஜவ்வாது மலையும்தான் அதை வாங்கியிருக்கும். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நம் ஊரில் வறட்சிதான் கஷ்டம் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததைப் பார்த்த பிறகும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் போகும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் செங்குத்து மலை, மறு பக்கம் பசிபிக் கடல், நடுவில் இரண்டு தடச் சாலை. அங்கே வருஷம் விட்டு வருஷம் ஏதாவது ஒரு இடம் சரிகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சரிசெய்து பார்த்திருக்கிறார்கள். எதற்கு எத்தனை மாதம் ஆனது, எவ்வளவு செலவானது என்பது எல்லாருக்கும் தெரியும். நம் பக்கத்தில் ஒரு மலைச்சாலைக்கு ஒரு வைத்தியம்தான் நடக்கும், அதையும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வழியிருக்காது. அதனால்தான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலே இருந்து கல்லும் மண்ணும் சாலை மேல் விழுவது ஒரு நோய். சாலைக்கு அடியில் இருக்கும் மண்ணே கழன்று போவது வேறு நோய். முதல் நோய்க்குத் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கத்துச் சாப்மன்ஸ் பீக் சாலை நல்ல உதாரணம். பாறை விழுந்து 2000-ல் மூடினார்கள். கம்பிவலை, தடுப்பு வேலி, மலையைக் குடைந்த பாதிச் சுரங்கம் எல்லாம் வைத்து 2003 கடைசியில் சுங்கச் சாலையாகத் திறந்தார்கள். ஏலகிரியில் சயனைட் (syenite) என்ற, கிரானைட் மாதிரியான பாறை சிதைந்து உருண்டைக் கல்லாக மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் இடங்களில் இந்த வலை வைத்தியம் எடுபடும். ஆனால் அடிமண் போன இடத்தில் மேலே எத்தனை வலை போட்டாலும் பிரயோசனம் இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் இரண்டாவது நோய்க்கு.

மிச்சம் இருக்கும் பாதிச் சாலையில் ஒருவழியாக வண்டி விடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. 2024 மார்ச் 30 அன்று பிக் சரில் ராக்கி கிரீக் பாலத்துக்குப் பக்கத்தில் கடல்புறத் தடம் ஒரு துண்டு அப்படியே கீழே போனது. மலைப்பக்கத் தடம் நின்றது. முதலில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, முன்னே ஒரு துறை வண்டி வழிகாட்ட அனுப்பினார்கள். மே மாதம் சிக்னல் விளக்கு வைத்து நாள் முழுக்க ஒருவழியாக விட்டார்கள். அதற்குப் பிறகு நிதானமாகக் கட்டினார்கள். செலவு குறைவு, ஊர் துண்டிக்கப்படவில்லை. நமக்கும் இது ஒத்துவரும், ஒரே ஒரு நிபந்தனையோடு. மிஞ்சிய தடத்தில் தாரின் மேல் பிறை வடிவில் விரிசல் ஓடியிருந்தால் அந்தத் தடமும் புறப்படத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். அந்த விரிசலின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டு, காலையும் மாலையும் இடைவெளியை அளக்க ஓர் ஆள் வேண்டும். விரிசலைத் தாரால் மூடிவிட்டு பஸ் விடுவது கொலைக்குச் சமம்.

இரண்டாவது, போன இடத்தை மண்ணால் நிரப்பிப் பழையபடி சாலை போடுவது. இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் நம் மலைகளில் சரிவு பெரும்பாலும் ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில்தான் வரும்.

2020-ல் பிக் சர் மலையில் பெரிய காட்டுத்தீ. 2021 ஜனவரி கடைசியில் அதே மலையில் பெருமழை. எரிந்த மரம், சாம்பல், கல், சேறு எல்லாம் ராட் கிரீக் ஓடையில் இறங்கி வந்து சாலைக்கு அடியில் இருந்த குழாயின் வாயை அடைத்தன. போக வழியில்லாத தண்ணீர் சாலை மேல் ஏறி, கடல்பக்கம் விழுந்து, கீழிருந்து அரித்து, சுமார் 45 மீட்டர் சாலையைக் கொண்டுபோனது. பாலம் கட்டலாமா என்றும் யோசித்தார்கள். கடைசியில் பள்ளத்தையே மண்ணால் நிரப்பி, அடியில் முன்னைவிடப் பெரிய குழாயும், அது அடைத்தாலும் தண்ணீர் போக மேலே இன்னொரு குழாயும் வைத்து, ஏப்ரல் 23-ல் திறந்துவிட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. செலவு 1.15 கோடி டாலர். பிக் சர் கணக்கில் இது சல்லிசு.

இந்த ராட் கிரீக்கை நம் ஊரில் தேட வேண்டியதே இல்லை. ஏலகிரி ஏறும்போது ஏதாவது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிறுபாலத்தின் மலைப்பக்க வாயைக் குனிந்து பாருங்கள். முக்கால்வாசி மண். அதற்கு மேல் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், காய்ந்த சருகு, நடுவில் ஒரு எருக்கஞ்செடி. மிஞ்சியிருக்கும் துவாரம் கை நுழையும் அளவு. பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் குழாய் முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே மண் அரித்துக் குழி விழுந்திருக்கும். தடுப்புச் சுவருக்கு அடியில் வேர் தெரியும். நான் சிறுபாலமும் கல்கட்டும் சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன். இந்தக் குழியைப் பார்த்தால் எனக்குச் சாலை போன மாதிரியே தெரியும், நாள் குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

நிரப்புவதற்கு எவ்வளவு மண் வேண்டும்? முப்பது மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழம், முக்கோணமாக அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். 1,200 கன மீட்டர். நம் பாஷையில் சுமார் 424 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 140 லோடு. இறுக்கும்போது மண் அமுங்கும், அதனால் 170, 180 லோடு கணக்கு வைக்க வேண்டும். அத்தனையும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். அப்புறம் இருபது சென்டிமீட்டர் வீதம் அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஐம்பது அடுக்கு. டிசம்பர் மழையில் இதைச் செய்ய முடியாது. ஆனாலும் செய்வார்கள், அதுதான் சிக்கல். ஒரு பக்கம் டிப்பர் கொட்ட, ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டு, பொங்கலுக்குத் திறந்துவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் அது ஒரு சாண் இறங்கி நிற்கும். மழை ஓயும்வரை தற்காலிக வழியை வைத்துக்கொண்டு, ஜனவரியில் நிரப்ப ஆரம்பிப்பதுதான் சரி.

தடுப்புச் சுவர் மூன்றாவது வழி. நம் எஸ்டிமேட்டுகளில் அதிகம் வருவதும் இதுதான். எனக்குச் சுவர் மேல் விரோதம் இல்லை, சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் மேல்தான். மூன்று மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன் தள்ளும். ஆறு மீட்டர் சுவரானால் பதினெட்டு டன். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. மண் தள்ளுவது இதற்கு மேல் தனி. அதனால்தான் சுவரில் நீர்க்கசிவுத் துளை விட வேண்டும், அதற்குப் பின்னால் கல்லும் ஜல்லியும் வடிகட்டியாக அடுக்க வேண்டும். துளைக்கு பிவிசி பைப்பை வைத்துவிட்டுப் பின்னால் ஜல்லி போடாமல் செம்மண்ணையே கொட்டினால், முதல் மழையிலேயே பைப் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்க்கிறவருக்குத் துளை இருக்கிறது, பில்லிலும் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் போய்ப் பாருங்கள். எல்லாத் துளையும் காய்ந்து கிடந்து, சுவரின் மேல்விளிம்பில் மட்டும் ஈரம் வழிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கான்கிரீட் சுவருக்கும் கேபியனுக்கும் நடுவில் எது என்றால், ஓடைப் பக்கத்தில் நான் கேபியனைத்தான் சொல்வேன். கம்பிவலைக் கூடைக்குள் கல்லை அடுக்கிக் கட்டுவது. தண்ணீர் அதன் வழியாகவே வடிந்துவிடும், அடிமண் கொஞ்சம் இறங்கினால் சுவரும் வளைந்து கொடுக்கும், கல் மலையிலேயே கிடைக்கும். ஓடையில்லாத இடத்தில், சரிவே மெல்ல நழுவுகிறது என்றால் மண் ஆணி முறை நல்லது. சரிவுக்குள் துளைபோட்டு நீளக் கம்பியை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் பால் செலுத்தி, மேலே வலை விரித்துப் புல் வளர்ப்பது. நீலகிரியில் நம் நெடுஞ்சாலைத் துறையே இதைச் செய்திருக்கிறது. ஆகவே நம்மிடம் ஆள் இல்லை, அனுபவம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

நான்காவது வழி ஜேசிபிக்காரருக்கும் அரசியல்வாதிக்கும் பிடித்தது. பள்ளத்துப் பக்கம் போனால் என்ன, மலைப்பக்கம் நாலு மீட்டர் வெட்டி உள்ளே தள்ளு, இரண்டே நாளில் வழி! கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சரிவின் காலை வெட்டினால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் போய்விடும். ஏலகிரி மண்ணில் உருண்டைப் பாறைகள் வேறு பதிந்திருக்கின்றன. வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள்? பள்ளத்துப் பக்கம், ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் இடத்தின் தலையில்.

பிக் சரில் பெரிய சரிவுகளுக்கு வேறு வழியில்லாமல் மலைமேல் கை வைத்திருக்கிறார்கள். அதன் விலையைப் பாருங்கள். 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலையே இறங்கி நாநூறு மீட்டர் சாலையை மூடி, கடலுக்குள் புதுசாக நிலத்தையே உண்டாக்கியது. சரிந்த மண்ணைத் தோண்டி எடுக்காமல், அதன் மேலேயே கரை கட்டிப் புதுச் சாலை போட்டார்கள். பதினான்கு மாதம், 5.4 கோடி டாலர். ரீஜென்ட்ஸ் சரிவு 2024 தொடக்கத்தில் விழுந்தது. உச்சியிலிருந்து படிப்படியாக மண்ணை இறக்கினார்கள். ஆள் ஏற முடியாத இடத்தில் தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரத்தை விட்டார்கள், சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைத் துளைத்து இறக்கினார்கள். திறந்தது 2026 ஜனவரியில். நியூசிலாந்தில் 2016 நவம்பர் நிலநடுக்கத்தில் கைக்கோரா கடற்கரைச் சாலை மூடியபோது, ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீரைக் கொட்டித் தொங்கும் கல்லை முதலில் கீழே இறக்கிய பிறகுதான் கீழே ஆளை விட்டார்கள். அங்கேயும் திறக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மேலே பத்திரம் பார்க்காமல் கீழே வெட்டும் தைரியம் அவர்களுக்கு இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

இங்கே நமக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பிக் சரில் எதைக் கட்டினாலும் மலையின் காலைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே எந்த வைத்தியமும் நிரந்தரம் இல்லை. ஏலகிரியின் காலில் அலை அடிப்பதில்லை. நமக்குப் பகை மேலேயிருந்து வரும் தண்ணீர் மட்டுமே, அதுவும் வருஷத்தில் சில மாதம். அதற்கு ஒழுங்காக வழி விட்டுவிட்டால், அவர்கள் நூறு ரூபாய் செலவழித்து வாங்கும் ஆயுளை நாம் பத்து ரூபாயில் வாங்கலாம்.

பாலம்? 2017-ல் பிக் சரின் ஃபைஃபர் கேன்யன் பாலத்தின் தூணை மண்சரிவு நகர்த்திவிட்டது. பழைய பாலத்தை இடித்து, நடுவில் தூணே இல்லாமல், ஒரே தாவலில் 310 அடி எஃகுப் பாலம் போட்டார்கள். அக்டோபரில் திறந்தது, 2.4 கோடி டாலர். நடுவில் தூண் இல்லாதது புத்திசாலித்தனம், அடுத்த சரிவு இடிக்க எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவு நீள உத்திரத்தைப் பொன்னேரியிலிருந்து கொண்டை ஊசி வளைவில் திருப்பி ஏற்ற முடியாது. நமக்கேற்றது பெய்லி பாலம். துண்டு துண்டாக லாரியில் ஏற்றிப்போய், அந்த இடத்திலேயே ஆணி கோத்து நீட்டுவது. 2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் சூரல்மலையை நிலச்சரிவு தாக்கியபோது ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடிப் பாலத்தை இரண்டு நாளுக்குள் போட்டது நினைவிருக்கும். 24 டன் தாங்கும் பாலம். அந்தப் படைப்பிரிவின் தலைமையிடம் பெங்களூரில்தான் இருக்கிறது, நமக்குச் சில மணி நேரத் தூரம். முப்பது மீட்டர் என்பது நூறு அடிதான். வளைவில் போட முடியாது, இரண்டு கரையும் உறுதியாக இருக்க வேண்டும். இரண்டு வளைவுக்கு நடுவே நேரான இடத்தில் அறுந்தால் இதைவிட வேகமான வழி இல்லை.

சுரங்கமும் புதுப் பாதையும் பற்றி ஒரு பத்தி போதும். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு என்ற இடத்தில் சாலை சரிந்து சரிந்து அலுத்துப்போய், மலையைச் சுற்றிப் புதுப் பாதை போடலாம் என்றது துறை. ஊர்க்காரர்கள் சுரங்கம் வேண்டும் என்றார்கள். 1996-ல் வாக்கெடுப்பு வைத்துச் சுரங்கம் ஜெயித்தது. வண்டி ஓடியது 2013 மார்ச்சில், செலவு 43.9 கோடி டாலர். பழைய சாலையில் இப்போது ஆட்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். பதினான்கு கிராமத்துக்கு யாரும் சுரங்கம் தோண்டப்போவதில்லை. புதுப் பாதை என்றால் காப்புக்காட்டு நிலம் வேண்டும், 1980-ம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மாற்றுப் பாதைக் கோரிக்கை நியாயமானதுதான், தனியாக நடக்கட்டும். அறுந்த சாலைக்கு அதை மருந்தாக நினைத்தால், கோப்பு நகர்வதற்குள் மேலே இருப்பவர்கள் பாதிப் பேர் ஜோலார்பேட்டைக்குக் குடிவந்துவிடுவார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்தில் ஆஸ்பத்திரி சேர முடியாமல் இறந்தது. உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறிய செய்தியை வேலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலை அறுந்தால் ஏலகிரியும் அதே நிலைமைதான். ஃபைஃபர் பாலம் போனபோது பிக் சர்க்காரர்கள் காட்டுக்குள் ஒரு நடைபாதை வெட்டி, பள்ளிக்கும் கடைக்கும் மக்கள் நடந்து போக வழி செய்தார்கள். நம் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மலையிறங்கும் ஒற்றையடித் தடங்கள் நன்றாகத் தெரியும். அறுந்த இடத்தைச் சுற்றி டோலி தூக்கிப்போகும் அகலத்துக்கு, கயிறு கட்டிய ஒரு பாதை முதல் நாளே வேண்டும். மேலே ஒரு ஆம்புலன்ஸ், கீழே ஒரு ஆம்புலன்ஸ்.

ஆக, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனுவை நான் எழுதினால் வரிசை இப்படி இருக்கும். முதல் நாள் நடைபாதையும் இரண்டு ஆம்புலன்சும். மிச்சத் தடம் உறுதியாக இருந்தால் சிக்னல் வைத்து ஒருவழி, இல்லையென்றால் பெய்லி பாலத்துக்கு ராணுவத்தைக் கேட்பது. மழை ஓய்ந்ததும், ஓடையிருக்கும் இடமானால் ஆள் குனிந்து உள்ளே போய் மண் அள்ளக்கூடிய பெரிய பெட்டிச் சிறுபாலமும், கேபியன் கட்டிய நிரப்பும். ஓடையில்லாத இடமானால் மண் ஆணி. மலைப்பக்கம் வெட்டக் கூடாது என்று தனியாக ஒரு வரி. சுவர் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பின்பக்க ஜல்லி நிரப்பும்போது ஊராட்சி ஆள் ஒருவர் நின்று படம் எடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி.

ஒப்பந்தக்காரர்கள் இதைப் படித்தால் கேபியனில் லாபம் இல்லை என்பார்கள். உண்மைதான், கான்கிரீட் அளவுக்கு இல்லை.

சாலை இன்னும் அறுந்துபோகவில்லை என்பதால் இதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டால் மழை தொடங்கிவிடும், நவம்பர் 1-ல் கேட்டால் தண்ணீர் சாலை மேல் ஏறியிருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபைதான் சரியான நாள். ஒவ்வொரு வளைவிலும் சிறுபாலத்தின் இரண்டு வாயையும் படம் எடுத்துக்கொண்டு போய், எந்தத் தேதிக்குள் தூர்வாரப்படும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். குழாய் முனைக்குக் கீழே குழி விழுந்த இடங்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும், அங்கே கல் அடுக்கு போட இரண்டு கொத்தனாரும் ஒரு வாரமும் போதும்.